காரணம்: பர்சனல்

அழைப்பு பெரும்பாலும் வேலை நேரத்தின் நடுவில் வரும். காலண்டரில் 'கனெக்ட்' என்று ஒற்றைச் சொல். அரை மணி நேரம். மூன்றாம் மாடியில் ஏதோ ஒரு நதியின் பெயர் சூட்டிய அறை. உள்ளே போனால் மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹெச்.ஆரிலிருந்து வந்தவர் தண்ணீர் பாட்டிலை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். நீங்களா பேப்பர் போட்டுட்டீங்கன்னா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வந்துடும். இல்லேன்னா டெர்மினேஷன்னு போகும். அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் செக்ல அடிபடும். யோசிச்சுக்குங்க. ஆனா இன்னிக்கே சொல்லிடுங்க."

இந்த வசனத்தைச் சொல் மாறாமல் நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கட்டடத்திலும் அது நடந்திருக்கலாம். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். போர்ட்டலில் ராஜினாமா பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு பட்டியல் விரிந்தது: உயர்கல்வி, திருமணம், உடல்நலம், வேறு வேலை, பர்சனல். "பர்சனல் போட்டுடுங்க" என்றார்கள். போட்டேன். எட்டு வருட வேலை ஒரு சொடுக்கில் என் சொந்தக் காரணத்தால் முடிந்துபோனது.

அந்தச் சொல்லில் அவர்களுக்கு ஏன் அத்தனை அக்கறை என்பது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆயிற்று.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25-எஃப் என்றொரு பிரிவு இருந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்வதென்றால் காரணத்தைச் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். மாதம் 90,000 ரூபாய் வாங்குபவர் எட்டு ஆண்டு வேலை பார்த்திருந்தால் இழப்பீடு மட்டும் சுமார் 3,60,000 ரூபாய். ஆனால் ஆட்குறைப்பு என்றால் என்ன என்று அதே சட்டம் வரையறுக்கும் இடத்திலேயே, தானாக விலகுவது அதில் சேராது என்று ஒதுக்கிவிட்டிருந்தது. ஆக, 'பர்சனல்' என்ற அந்த ஒரு சொல்லின் விலை என் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல். நான் அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்பதும் சட்டம்தான். ஆனால் மிரட்டியதை நிரூபிக்க வேண்டியவர் மிரட்டப்பட்டவர். அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். அதில் இருவர் கம்பெனி ஆட்கள்.

கிராஜுவிட்டியைப் பிடித்துவைப்போம் என்று மிரட்டுவதும் உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த காலம் முதலே ஐந்தாண்டு முடித்தவருக்கு, அவர் ராஜினாமாவே செய்திருந்தாலும், கிராஜுவிட்டி கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறையில் இறங்கியது, ஒழுக்கக்கேடான குற்றம் என்று சில காரணங்களுக்காகத்தான் அதை மறுக்க முடியும். ரேட்டிங் குறைந்தது அந்தப் பட்டியலில் கிடையாது.

இந்த இடத்தில் பெரும்பாலான சாஃப்ட்வேர்க்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "அதெல்லாம் ஃபேக்டரி தொழிலாளிக்குத்தானே? நமக்கு எப்படிப் பொருந்தும்?" நமக்கு நேரும் கேட்டில் பாதி இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். ஏ.சி. அறை, கழுத்தில் பட்டை, 'அசோசியேட்', 'கன்சல்டன்ட்', 'லீட்', 'ஆர்க்கிடெக்ட்' என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும் பதவிப் பெயர். தொழிலாளி என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்குக் கூச்சம். அப்பா மில்லில் வேலை பார்த்துப் படிக்கவைத்தார், நாம் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்ற பெருமிதம்.

சட்டம் அந்தப் பெருமிதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு 'தொழில்' என்ற சொல்லை மிக அகலமாக விரித்துவைத்தது. முதலாளியும் வேலை செய்பவரும் கூடி, முறையாக நடத்தப்படும் ஒரு செயலால் மக்களுக்குப் பொருளோ சேவையோ கிடைத்தால் அது தொழில். தொழிலாளி யார் என்பதற்கு 1947 சட்டம் தந்த வரையறையில் உடலுழைப்போடு திறன்சார்ந்த வேலையும் தொழில்நுட்ப வேலையும் வெளிப்படையாகவே இருந்தன. விலக்கு, முக்கியமாக நிர்வாகப் பணி செய்பவர்களுக்கும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களுக்கும்தான். பதவியின் பெயர் எதுவானாலும் ஒருவர் நாள் முழுவதும் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. லீவுக்கு ஒப்புதல் தர முடியாத, ஆள் எடுக்கவோ நீக்கவோ அதிகாரமில்லாத, இரவு பதினொரு மணிக்கு டீப்ளாய்மென்ட் சரியாகப் போயிற்றா என்று பார்த்துக்கொண்டிருக்கும் 'மேனேஜர்' எந்த விதத்தில் நிர்வாகி?

இந்தக் கேள்வி சென்னையில் நீதிமன்றம் ஏறியது. 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் டி.சி.எஸ். ஆட்களை நீக்குகிறது என்ற செய்தி ஊரை உலுக்கியது. 25,000 பேர் என்று பரவிய எண்ணிக்கையை நிறுவனம் மறுத்தது. அந்த ஜனவரியில் கருவுற்றிருந்த ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவரை நீக்குவதற்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; பிறகு நிறுவனம் நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே 2015-இல் வேலையிழந்த இன்னொருவர், 2006 முதல் அங்கே இருந்தவர், தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் நிர்வாக நிலையில் இருந்தவர், தொழிலாளி அல்ல என்று நிறுவனம் வாதிட்டது. 2022-இல் தீர்ப்பு வந்தது. அவரைத் தொழிலாளியாகவே ஏற்ற நீதிமன்றம், பணித் தொடர்ச்சியுடனும் முழுப் பின்சம்பளத்துடனும் மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது.

ஏழு ஆண்டு. அந்த ஏழு ஆண்டில் இந்தத் துறையில் எத்தனை மொழிகள் வந்தன, எத்தனை செத்தன! வழக்கு நடத்திய ஒருவர் அந்த இடைவெளியைத் தாண்டி எப்படித் திரும்பி வருவார் என்ற கேள்விக்கு எந்தத் தீர்ப்பிலும் பதில் இருக்க முடியாது. வழக்குப் போடு என்று வாய்வீரம் பேச நான் தயாராக இல்லாததற்கு இதுவே காரணம்.

ஆனாலும் ஒரு புரளியை இங்கே ஒழித்துவிட வேண்டும். "ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது, யூனியன் வைக்கக் கூடாது" என்று இன்றைக்கும் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு விலக்கு இருந்ததே இல்லை. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுகள் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-இல் மாநில அரசே தெளிவுபடுத்தியது. வேலை நிபந்தனைகளை வகுக்கும் நிலையாணைகள் சட்டத்திலிருந்து ஐ.டி. துறைக்கு விலக்கு கொடுத்து, அதை நீட்டித்துக்கொண்டே வந்தது கர்நாடகம். பெங்களூரு நண்பர்கள் சொன்னதைக் கேட்டு நம் ஊர்ச் சட்டமும் அதுதான் என்று நம்பிவிட்டோம்.

2025 நவம்பர் 21 முதல் அந்த 1947 சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. ஆண்டுக்கு 15 நாள் இழப்பீடு அப்படியே தொடர்கிறது. அதோடு, ஆட்குறைப்புக்கு ஆளானவரின் கணக்கில் போடுவதற்காக முதலாளி 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். தனிநபர் தன் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்தை அணுகும் காலவரம்பு மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. ஊதியத் தொகுப்பு இன்னொன்றும் சொல்கிறது: நீக்கப்பட்டாலும் ராஜினாமா செய்தாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல் நாற்பத்தைந்து நாள் ஆகும்' என்று கேட்டே பழகிய காதுகளுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அந்த அறைக்குப் போவதற்கு முன்னாலேயே அநீதி தொடங்கிவிடுகிறது. ரேட்டிங்கில். ஊழியர்களை மேலே 20 சதம், நடுவில் 70, அடியில் 10 என்று வகுத்து, அடிப் பத்தை வெளியே அனுப்பும் பழக்கத்தைப் புகழ்பெறவைத்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். 'பெல் கர்வ்' என்று அது நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. மணி வடிவ வளைவு ஆயிரக்கணக்கானோரை எடுத்து அளந்தால் தெரியும் ஒரு புள்ளியியல் உண்மை. பத்துப் பேர் உள்ள டீமில், அதுவும் நேர்முகத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த பத்துப் பேரில் அதைத் திணித்தால், யாராவது ஒருவர் கடைசியாக வந்தே தீர வேண்டும். வருவது யார்? பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர். நாலு மாதம் புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் இருந்தவர். வருட நடுவில் மேனேஜர் மாறியதால் செய்த வேலைக்குச் சாட்சி இல்லாமல் போனவர். ஒரே டீமில் இருப்பவர்களை ஒருவர் காலை ஒருவர் வாரவைக்கிறது என்ற விமர்சனம் முற்றிய பிறகு மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த முறையைக் கைவிட்டது. மற்ற இடங்களிலும் பெயரை மாற்றினார்கள். அடியில் ஒரு பங்கு பேர் இருந்தாக வேண்டும் என்ற பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

அளவுகோலும் கோளாறுதான். சப்போர்ட் டீமில் ஒருவர் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து, சர்வரை இரவில் விழவைத்துக்கொண்டிருந்த மெமரி லீக் ஒன்றைத் தேடிப் பிடிப்பார். பக்கத்து இருக்கைக்காரர் அதே வாரத்தில் பாஸ்வேர்டு ரீசெட் டிக்கெட் நாற்பதை மூடியிருப்பார். எக்செல் ஷீட்டில் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு நாற்பது. இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை, மேனேஜருக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் ஒரு பெயரைக் காட்டியாக வேண்டிய நாளில் அந்த 'ஒன்று' கைக்கு வாகாகிவிடுகிறது.

என் பழைய டீம் லீட் ஒருவர் வீட்டில் பச்சை அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். தினமும் இரவு சாப்பிட்டதும் நாலு வரி எழுதுவார். ஒரு பக்கத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். "14-ந் தேதி. பேமென்ட் பகுதியை இப்படியே விட்டால் மாதக் கடைசியில் தாங்காது என்று சொன்னேன். வேண்டாம், தேதி தள்ளும் என்றார். கூட இருந்தவர்கள் மூவர். மெயிலும் போட்டேன், மாலை 4.20." மாதக் கடைசியில் அது தாங்கவில்லை. பழி அவர்மேல் வந்தது. அவரையும் நதி அறைக்குக் கூப்பிட்டார்கள். தேதியும் நேரமும் அவர் வாயிலிருந்து வர ஆரம்பித்ததும் பேச்சின் தொனி மாறிவிட்டது. அவரையும் வெளியே அனுப்பத்தான் செய்தார்கள், ஆனால் நான்கு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்தத் துறையில் எல்லாமே அவர்கள் கையில் இருக்கிறது. ஆக்சஸ் போன நிமிடம் உங்கள் மெயில், சாட், பாராட்டு, எச்சரிக்கை எல்லாம் போய்விடும். அப்புறம் கையில் மிஞ்சுவது வீட்டில் இருப்பதுதான். ஆஃபர் லெட்டர், ஒவ்வோர் ஆண்டின் இன்க்ரிமென்ட் கடிதம், அப்ரைசல் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் ஆகியவை உங்களுக்குக் கொடுக்கப்பட்டவை. அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் சோர்ஸ் கோடையோ கிளையன்ட் விவரத்தையோ சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு மெயிலைக் காட்டியே நீக்கிவிடுவார்கள், அப்போது தவறு உங்களுடையதாகிவிடும். அப்ரைசலில் உடன்பாடு இல்லையென்றால் அன்றைக்கே, மரியாதையாக, நாலு வரியில் பதில் எழுதுங்கள். எந்த வேலை, எப்போது, யார் கேட்டு முடித்தது என்பது மட்டும் அதில் இருக்கட்டும். கோபத்தைப் பச்சை நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

கோபத்தை எழுதுவதற்கே தனிப் பயன் உண்டு என்று காட்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் ஒரு பெரிய கணினி நிறுவனம் வெளியே அனுப்பிய, பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய 63 பேரை வைத்து ஜேம்ஸ் பென்னிபேக்கரும் உடன் இருவரும் செய்து 1994-இல் வெளியிட்டது. ஒரு குழுவினர் வேலை போனது பற்றித் தங்கள் மனத்தில் இருந்ததை அப்படியே தினமும் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதினார்கள். இன்னொரு குழுவினர் தங்கள் அன்றாடத் திட்டத்தை எழுதினார்கள். மூன்றாவது குழு எதையும் எழுதவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முழுநேர வேலை கிடைத்திருந்தது. மற்ற இரண்டிலும் அந்த அளவு வெகு குறைவு. விசித்திரம் என்னவென்றால், எல்லோரும் கிட்டத்தட்ட அதே அளவு நேர்முகத் தேர்வுகளுக்குப் போயிருந்தார்கள். பழைய நிறுவனத்தின் மீதிருந்த ஆத்திரம் தேர்வு அறைக்குள் எட்டிப்பார்த்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சிறிய ஆய்வு, ஒரே ஊர், ஒரே கம்பெனி. இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் "ஏன் அந்த வேலையை விட்டீங்க?" என்று கேட்டதும் எனக்கு முதல் மூன்று இன்டர்வியூவில் குரல் கம்மியது. நாலாவதில் கம்மவில்லை. நடுவில் நான் செய்த ஒரே காரியம், நடந்ததை ஒரு நோட்டில் முழுசாக எழுதித் தீர்த்தது.

காகிதத்தை வைத்துக்கொண்டிருப்பது என்றால் என்ன என்பதற்கு லின் கான்வேயை நினைத்துக்கொள்வேன். 1964-இல் ஐ.பி.எம். ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தவர். கலிபோர்னியாவில் ரகசியமாக நடந்த அதிவேகக் கணினித் திட்டத்தில், கட்டளைகளை எழுதிய வரிசைப்படியே காத்துக்கிடக்க விடாமல், தயாராக இருப்பவற்றை முன்னால் அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைய செயலிகளின் வேகத்துக்குப் பின்னால் அந்தக் கருத்து இருக்கிறது. அவர் திருநங்கை. பெண்ணாக மாறப்போகிறார் என்று தெரிந்ததும் 1968-இல் ஐ.பி.எம். அவரை நீக்கியது. திட்டம் ரகசியம், கண்டுபிடிப்பின் பெருமையும் அதோடு புதைந்தது. வழக்குக்கு வழியே இல்லாத காலம். புதுப் பெயரில், பழைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்ல முடியாமல், ஒப்பந்தப் புரோகிராமராக அடியிலிருந்து தொடங்கினார். 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துக்கு வந்தார். கார்வர் மீடுடன் அவர் எழுதிய, 1980 என்ற ஆண்டைத் தாங்கி வந்த சிப் வடிவமைப்புப் பாடநூல் உலகெங்கும் பொறியியல் கல்லூரிகளில் பாடமானது.

நான் சொல்ல வந்தது அதன் பிறகு நடந்தது. அந்தப் பழைய திட்டத்தின் வரலாற்றைக் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் மார்க் ஸ்மதர்மன் 1990-களின் கடைசியில் தோண்டத் தொடங்கியபோது கான்வே முன்வந்தார். முப்பது ஆண்டாக அந்தத் திட்டத்தின் தாள்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவை இருந்ததால்தான் கண்டுபிடித்தது யார் என்பது நிலைநின்றது. ஐ.பி.எம். 2020-இல் மன்னிப்புக் கேட்டது, 52 ஆண்டு கழித்து. கான்வே 2024-இல், 86 வயதில் காலமானார்.

52 ஆண்டு காத்திருக்கச் சொல்லி நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அந்த மன்னிப்பை எண்ணி நெகிழவும் என்னால் முடியவில்லை. மிகத் தாமதமாக வந்த மன்னிப்பு அது.

நம் ஊரில் இதைவிட அவசரமான சிக்கல் ஒன்று உண்டு: வீட்டில் சொல்வது. எனக்குத் தெரிந்த ஒருவர் வேலை போன பிறகும் ஏழு வாரம் காலையில் டிபன் பாக்ஸுடன் சோழிங்கநல்லூருக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாலைவரை உட்கார்ந்துவிட்டு வந்தார். கழுத்துப் பட்டையைக் கூட மறக்காமல் மாட்டிக்கொள்வார். அட்டை இல்லை, பட்டை மட்டும், சட்டைப் பைக்குள் செருகியபடி. ஏழாவது வாரம் மனைவி கேட்டாராம், "லைப்ரரில ஏ.சி. நல்லா இருக்கா?" முதல் வாரமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஏழு வாரத்தையும் இருவரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

நீதிமன்றம் எல்லோருக்கும் ஆகாது என்பது என் முடிவு. நாற்பதைத் தாண்டியவருக்கும் வீட்டுக் கடன் உள்ளவருக்கும் ஏழு ஆண்டு என்பது விளையாட்டில்லை. ஆனால் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுப்பது வழக்கைவிட மிகச் சிறிய காரியம். 1947 சட்டம் அந்தக் கட்டத்தில் வக்கீல்களை அனுமதித்ததே இல்லை. நிறுவனத்தின் ஆள் வந்து உங்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பலருக்கு அந்த மேசையிலேயே ஏதோ ஒரு தொகை முடிவாகிவிடுகிறது. சங்கத்தில் சேர்வதும் அப்படித்தான். மெம்பர் ஆனால் கொடி பிடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை. அந்த அறைக்குள் போகும்முன் போனில் கூப்பிட ஓர் ஆள் இருப்பார், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: பொத்தானை நீங்கள் அழுத்தியிருக்கக் கூடாது. 'இன்றைக்கே' ராஜினாமா செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. "வீட்டில் பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை அவர்கள் பக்கமே திருப்பி வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.